சண்முகத்தின் மகன்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்த முதல் வாரத்தில் என் கண்ணில் பட்ட பிழைகள் மூன்று. விடுதிக் கதவில் என் பெயருக்குப் பதிலாக என் அப்பாவின் பெயர் இருந்தது. சோதனைக்கூடத்தில் எனக்குக் கொடுத்த வெப்பமானி அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. மூன்றாவது பிழை அவர்.

முதல் இரண்டையும் அந்த வாரத்திலேயே சரிசெய்துவிட்டேன். பெயருக்காகப் பல்கலைக்கழகப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, இனிஷியல் என்பது அப்பாவின் பெயர், அந்தப் பெயரால் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று, பாதி ஜெர்மனிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினேன். மூன்றாவது முறை அந்த அலுவலக அம்மாள் பெருமூச்சு விட்டபடி புதிய அட்டை தட்டச்சு செய்து கொடுத்தார். வெளியே வந்தபோது நடைபாதை பெஞ்சில் ஒரு தமிழ் முகம். மடியில் கம்பளியால் சுற்றிய ஹாக்கி மட்டை. உள்ளேயிருந்து "ஹெர் ஷன்முகாம்" என்று, ஜெர்மன் 'திரு' சேர்த்து, குரல் வந்ததும் அவர் எழுந்தார்.

"உங்க பேர் சண்முகமா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. அது எங்கப்பா."

"அப்புறம் ஏன் எழுந்தீங்க?"

"கூப்பிட்டாங்கல்லா."

குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டிருக்கிறது. அப்படி ஒன்று இல்லை என்று இவர் விழிக்க, அப்பா பெயரைச் சொல் என்று கேட்டு அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அடையாள அட்டை, விடுதிக் கதவு, அழைப்புமணிப் பலகை, நூலகச் சீட்டு எல்லாவற்றிலும் அப்பாதான் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேர வேலை, போய்க் கரெக்ட் பண்ணிவிடுங்கள் என்று சொன்னேன். தலையைக் கோதிக்கொண்டு சிரித்தார்.

"சவத்த விடுங்க. அப்பா பேருதான. வேத்தாள் பேரா?"

நான் திருச்சிக்காரி. அந்தச் சொல்லை அப்படி யாரும் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை. எந்தச் சவம் என்று கேட்டுவிட்டேன். அவர் பக்கத்துச் சீமையில், பொருட்படுத்த வேண்டாத எதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. மழையில் நனைந்த சட்டை, தவறிப்போன ரயில், ஆறிப்போன சூப், எல்லாமே அவருக்கு விட வேண்டிய சவங்கள்.

கோவில்பட்டிக்காரர். அப்பா தீப்பெட்டி ஆபீசில் எடை போடும் வேலை பார்த்தவர். பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு. அங்கே அவர் பெரிய ஹாக்கிக்காரர் என்பதை அவர் சொல்லி நான் அறியவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பத்திரிகைத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம். மூன்று கோல் போட்டவரின் படம். படத்துக்குக் கீழே வேறு யாரோ ஒருவருடைய பெயர்.

"இது நீங்கதானே?"

"முட்டியப் பாத்தாத் தெரியும்லா."

பத்திரிகைக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமே என்றேன். அந்தப் பெயர்க்காரன் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், அவன் வீட்டில் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், போய்ப் பிடுங்கவா முடியும் என்றார். அவர் எதையும் திருத்தமாட்டார் என்பதை அன்று குறித்துக்கொண்டேன். அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு எதையும் பட்டியலாக எழுதிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அவரைப் பற்றி நான் எழுதி வைத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதுவது இடது கை, மட்டை பிடிப்பது வலது. பால் சேர்க்காத காப்பியைக் கஷாயம் என்பார். படிக்கட்டில் ஏறும்போது விசில், இறங்கும்போது மௌனம். ஆண்களில் வயதில் பெரியவர்களை அண்ணாச்சி என்பார், ஜெர்மன் பயிற்சியாளர் உட்பட. கவிதை எழுதுவது நின்றுகொண்டே, ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து. கடைசியில் எழுதியிருப்பது: அடித்தல் இல்லை.

கவிதைக்கான தாள் என் சோதனைக்கூடத்திலிருந்து போனது. உலோகக் கம்பியை இழுத்து இழுத்து, அது எப்போது அறுகிறது என்று பார்க்கிற இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அது ஓடும்போது ஒரு சுருள் தாளில் கோடு போட்டுக்கொண்டே வரும். கம்பி அறுந்ததும் கோடு சட்டென்று கீழே விழும். கணக்கு எடுத்தபின் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போகும். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். முன்பக்கம் கோடு, பின்பக்கம் கவிதை. ஒரே மூச்சில் பென்சிலால் எழுதுவார். ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதி முடித்ததும் என்னிடமே கொடுத்துவிடுவார், வாங்கிய தாளைத் திருப்பித் தருகிறவர் போல.

ஒன்று இப்படி இருந்தது:

பந்து போன திசையில் எல்லோரும் ஓடினார்கள்.
பந்து இருந்த இடத்தில் நான் நின்றேன்.
புல் இன்னும் நிமிரவில்லை.

இதில் திருத்த எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் ணகரமும் னகரமும் இடம் மாறியிருக்கும். ஒரு கவிதையில், கடல் தாண்டி வந்த நாளில் என் மணம் எங்கோ போய்விட்டது என்று எழுதியிருந்தார். சிவப்புப் பென்சிலால் சுழித்து, மனம் என்றால் நெஞ்சு, மணம் என்றால் வாசனை, எது போனது என்று கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டுந்தான் போச்சு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சோறு போட்டவர் செல்வராஜ் அண்ணன். நாகர்கோவில்காரர், வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாவது வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். நாங்கள் மூவரும் அவர் அறையில் அரிசியும் தக்காளி ரசமும் சாப்பிடுவோம். அவர்தான் ஒருமுறை இவரை அமெரிக்கச் சிப்பாய்கள் ஆடும் இடத்துக்கு அழைத்துப் போனார். ஊருக்கு வெளியே அவர்களுடைய முகாம் இருந்தது. அங்கே சிலர் லக்ராஸ் என்ற ஆட்டம் ஆடினார்கள். மட்டையின் நுனியில் சின்ன வலை, பந்தை அதில் ஏந்திக்கொண்டே ஓடலாம். இவரிடம் ஒரு மட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லோரையும் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டார், இங்கேயே சேர்ந்துவிடு என்று கூப்பிட்டார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். இவருக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லை.

"பந்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டா, அப்புறம் எதுக்குங்க ஓடணும்?"

நகர ஹாக்கிக் கிளப்பில் அவர் ரைட் இன், முன்வரிசையில் வலப்பக்கம், ஆடினார். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். யாரிடமும் தொப்பியைக் கழற்றாத மனிதர், இவரிடம் மட்டும் கழற்றிவிட்டுப் பேசுவார். எதிரணிக்காரர்கள் மட்டையால் இவர் காலில் தட்டுவார்கள். அம்பயர் பார்க்கவில்லை என்றால் இவர் கையைத் தூக்கிக் கேட்கமாட்டார். எழுந்து ஓடிவிடுவார். சனிக்கிழமைதோறும் மைதான ஓரத்தில் நின்று இதைப் பார்த்த எனக்கு, உலகத்தில் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று சந்தோஷமாக இருந்தது.

பிறகு அந்தக் கோல். கோல் கம்பத்தின் பக்கவாட்டு வலையில் ஓர் ஓட்டை இருந்தது. இவர் அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போய், அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. நான் கோலுக்குப் பின்னால்தான் நின்றேன். அம்பயர் விசில் ஊதிக் கோல் கொடுத்துவிட்டார். எதிரணியின் பின்காப்பாளர் ஒருவர், செம்பட்டை முடிக்காரர், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த ஒரு கோலில்தான் அன்று ஜெயித்தார்கள்.

திரும்பி வரும்போது, "அது கோல் இல்லை," என்றேன்.

"ஆமா."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"அம்பயர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அவர் விசில் ஊதிட்டாருங்க," என்றார்.

ஒரு வாரம் நான் அவரிடம் பேசவில்லை. தனக்கு அநியாயம் நடந்தபோது காத்த அதே மௌனம்தான் இது. குணம் ஒன்றுதான். அதைப் பட்டியலில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ரசம் ஊற்றும்போது அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் எந்த நாட்டு எல்லை போகிறது என்று கேட்டார். இவர்தான் முதலில் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கோலைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றுபோயிற்று.

அந்த வருடம் நவம்பரில் முதல் சனிக்கிழமை. ஈரப் புல், மங்கலான வெளிச்சம். எதிரணிக்காரர் ஒருவர் அடித்த பந்து புல்லில் பட்டுத் துள்ளி, இவருடைய வலது காதுக்கு மேலே பட்டது. விழுந்தார். யாருடைய தவறும் இல்லை. அம்பயர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இவர் வழுக்கி விழுந்து பந்தை உடம்பால் தடுத்ததாகத் தெரிந்திருக்கும். எதிரணிக்கு ஃப்ரீ ஹிட் கொடுத்தார். நான் நின்ற இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது, மரத்தில் மரம் படுவது போல. பயிற்சியாளர் கத்தினார், சரியாக இருக்கிறாயா என்று. இவர் எழுந்து கையை ஆட்டினார். மீதி இருபது நிமிடமும் ஆடினார்.

டிராமில் என் எதிரே உட்கார்ந்தார். முகம் சாதாரணமாக இருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"சனி."

இரண்டு நிறுத்தம் தாண்டி மறுபடியும், "இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"சனி," என்றேன், முதல் முறை சொன்ன அதே குரலில்.

தலையில் பட்டதா என்று கேட்டேன். பட்டது என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"சவத்த விடுங்க. தூங்கி எந்திச்சாச் சரியாயிரும்."

ஒரு கருவி ஒரே கம்பியை இரண்டாம் முறை வேறு அளவாகக் காட்டினால் உடனே நிறுத்திச் சோதிப்பேன். அது என் தொழில். ஒரு மனிதர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டபோது, இரண்டு முறையும் சரியான பதிலைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் அண்ணன் அறைக்கு அவர் சாப்பிட வரவில்லை. விடுதிக் காப்பாளர் அம்மாள் வந்து கதவைத் திறந்தார். மண்டைக்குள்ளே ரத்தம் மெல்லக் கசிந்திருக்கிறது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மருத்துவர் சொன்னார். நேற்று மாலையே வந்திருந்தால், என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எட்டு வருடம் ஆகிறது. இன்றும் யாராவது என்னிடம் என்ன கிழமை என்று கேட்டால், பதில் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன், மறுபடி கேட்கிறார்களா என்று. சோதனைக்கூடத்தில் சிலர் இதைக் கவனித்திருக்கிறார்கள். நான் மெதுவானவள் என்று நினைக்கிறார்கள். அவருடைய தாள்கள் நாற்பத்தொன்று என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ணகரத்தையும் னகரத்தையும் தொடவில்லை. நான் முன்பு போட்ட சிவப்புச் சுழிகளை அழிக்கப் பார்த்தேன், போகவில்லை. சென்னையில் ஒரு சிறுபத்திரிகை இரண்டு கவிதைகளை வெளியிட்டது, பெயரில்லாமல். கிளப்பில் ஒவ்வொரு நவம்பரிலும் அவருக்காக ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அவர் ஓடியதைப் பார்த்திராதவர்கள்தான் இப்போது ஆடுகிறார்கள். நான் கோலுக்குப் பின்னால் நிற்பதில்லை.

அவர் இறந்த மறுநாள், திங்கட்கிழமை, பல்கலைக்கழக அலுவலகம் வீட்டுக்குத் தந்தி கொடுத்தது. எங்களிடம் விலாசம் மட்டும் கேட்டார்கள். வாசகத்தைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வியாழக்கிழமை இரண்டாவது தந்தி போனது. சனிக்கிழமையும் கழிந்தது, திங்கட்கிழமையும் கழிந்தது. வீட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. அழுது முடிக்காத வீட்டில் யார் தந்தி ஆபீசுக்குப் போவார்கள் என்று அண்ணன் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஊருக்கு வெளியே காட்டை ஒட்டிய இடுகாட்டில் புதைத்தோம். கிளப்காரர்கள் பனிக்காலம் முடிவதற்குள் ஒரு கல் வைப்பதாகப் பொறுப்பேற்றார்கள். அதுவரைக்கும் ஒரு மரக்கட்டை. அதிலும் சண்முகம்தான். விடுதி வாசலின் அழைப்புமணிப் பலகையிலிருந்து அந்தப் பெயரை எடுக்கக் காப்பாளர் அம்மாளுக்கு மனம் வரவில்லை. தெரியாதவர்கள் யாராவது தவறி அந்தப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். காலி அறையில் மணி அடிப்பது என் அறைக்குக் கேட்கும்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாள் என் கையில் ஒரு நீல ஏரோகிராமைக் கொடுத்தார். இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நீதானே என்றார். விலாசத்தில் அவருடைய சொந்தப் பெயர். ஜெர்மனிக்கு வந்தபின் அந்தப் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அண்ணன் வாசித்தார்.

சிரஞ்சீவி மகனுக்கு அப்பா ஆசீர்வாதம். நலம். உன் நலம் அறிய ஆவல். நிற்க. இங்கே ஒரு கூத்து நடந்தது. புதன்கிழமை எனக்கு ஒரு தந்தி வந்தது. போஸ்ட்மாஸ்டரே வாசித்தார். திரு. சண்முகம் திடீரென்று காலமானார், ஆழ்ந்த வருத்தம் என்று இருந்தது. சண்முகம் என்று கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கொண்டேன். நம் தெருவே சிரித்தது. சனிக்கிழமை இன்னொன்று வந்தது. சண்முகத்தை எரிப்பதா புதைப்பதா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள் என்று போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். உயிரோடு இருப்பவனைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி என்று உன் அம்மா கோயிலில் உன் பேருக்கும் என் பேருக்கும் அர்ச்சனை செய்து, தெருவுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். உங்கள் காலேஜில் ஃபைலைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். யாரையும் கோபித்துக்கொள்ளாதே. நீ பதறிக் கிளம்பி வந்துவிடாதே, நான் நன்றாக இருக்கிறேன். ஆனால் உன் கையால் இரண்டு வரி எழுதிப் போடு. உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அண்ணன் கடிதத்தை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். குக்கர் இல்லாத அந்த அறையில் சோறு வெறும் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, அது பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.

அலுவலகத்தில் தந்தி நகல்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதிவு அலுவலக அம்மாள்தான் எழுதியிருந்தார். எங்கே தவறு என்று அவருக்குப் புரியவில்லை. இறந்தவர் ஹெர் ஷன்முகாம், குடும்பமும் ஷன்முகாம், குடும்பப் பெயர் ஒன்றாகத்தானே இருக்கும் என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழி இல்லை. அவருக்குத் தரப்பட்ட படிவம் அப்படி. ஒரு மணி நேர வேலை அது.

என்ன எழுதுவது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

"முதல்ல உடம்பு சரியில்ல, சீரியஸ்னு ஒரு தந்தி கொடுப்போம்மா," என்றார். "ரெண்டு நாள் கழிச்சு மத்ததச் சொல்லுவோம். நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க?"

"அவர் செத்து மூணு வாரம் ஆச்சு அண்ணா. இன்னொரு தப்பு வேண்டாம்."

"நீ சொல்லுதது சரிதான். ஆனா சரியானதத் தாங்க அங்க ரெண்டு கிழடுங்கதான் இருக்கு."

நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஐந்து நாள் எழுதவில்லை. வெப்பமானி அரை டிகிரி தவறினால் பொறுக்காத நான், ஐந்து நாள் அந்தத் தவறைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதாதவரை கோவில்பட்டியில் ஒரு வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். ஆறாம் நாள் எழுதினேன், நான்கு முறை கிழித்து. அனுப்பியது மிகச் சிறியது. தந்தியில் பெயர் தவறு, காலமானது உங்கள் மகன் என்று முதல் வரியிலேயே எழுதினேன். பந்து பட்டதை எழுதினேன். டிராமில் நான் உடன் இருந்ததையும், அவர் இரண்டு முறை கேட்டதையும் எழுதினேன். கல் வைக்கப்போகிறார்கள், அவருடைய பெயரை ஆங்கிலத்தில் வீட்டில் எப்படி எழுதுவீர்கள், அதைத் தெரிவித்தால் அப்படியே வெட்டச் சொல்கிறேன் என்று முடித்தேன்.

பதில் வருவதற்குள் மற்ற எல்லாவற்றையும் திருத்தினேன். அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். இறப்புச் சான்றிதழ், பல்கலைக்கழகப் பதிவேடு, கிளப் புத்தகம் எல்லாவற்றிலும் அவருடைய சொந்தப் பெயர் ஏறியது. பயிற்சியாளர் அந்தப் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டார். இத்தனை நாள் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேனா என்று கேட்டார். கல் வெட்டுபவருக்கும் புதிய பெயர் போய்ச் சேர்ந்தது. சான்றிதழில் உள்ள எழுத்தை வைத்து வரைந்து வைக்கிறேன், வீட்டுப் பதில் வந்ததும் வெட்டலாம் என்றார்.

ஜனவரியில் ஏரோகிராம் வந்தது. இந்த முறை என் பெயருக்கு.

அன்புள்ள மகளுக்கு. உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது எனக்குப் புரிந்துவிட்டது. முதல் தந்தி வந்த அன்று தெருவே சிரித்தபோது நானும் சிரித்தேன், ஆனால் ராத்திரி அந்தத் தந்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதனால்தான் அவன் கையால் இரண்டு வரி கேட்டேன். நீ டிராமில் செய்ததை நினைத்து வருந்தாதே. அவன் சொன்னால் நானும் விட்டிருப்பேன். உன் கடிதத்தை அவன் அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. முதலில் உங்களைச் சொன்னார்கள், நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், இப்போது அவனைச் சொல்கிறார்கள், அவர்களுக்கு நம்மில் யார் யார் என்றே தெரியவில்லை என்கிறாள். தினமும் சாயங்காலம் அவன் பேரைச் சொல்லித்தான் விளக்கு ஏற்றுகிறாள். அந்தக் கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் அவன் பேர் இருந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன் என்கிறாள். கல்லில் என் பேரையே போடச் சொல் அம்மா. தெரிந்துதான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தால் போதும்.

அண்ணன் இதைப் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன். என்னிடம் வாதங்கள் இருந்தன. ஒரு தாயிடம் மறைக்கக்கூடாது. ஒரு கவிஞனுக்கு அவன் பெயர் வேண்டும். கல்லில் வெட்டினால் பிறகு மாற்ற முடியாது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில், சாயங்காலம், விளக்கு என்று இரண்டு சொல் மட்டும் எழுதினேன். அதற்குமேல் எழுத எதுவும் இல்லை.

கல் வெட்டுபவரின் பட்டறை இடுகாட்டு வாசலுக்கு எதிரே இருந்தது. பயிற்சியாளரும் வந்திருந்தார். வயதான கல்வெட்டுக்காரர் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தார். கல்லின் முழு அளவில், ஒவ்வோர் எழுத்தும் அளவெடுத்து வரைந்த பெயர். நான் நான்கு முறை நடந்து வாங்கிய பெயர். ஒரு பிழை இல்லை. இவ்வளவு அழகாக அதை யாரும் எழுதியிருக்க முடியாது.

அவருடைய பென்சிலைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன்.

என்ன தவறு என்று பயிற்சியாளர் கேட்டார். பெயர் தவறு என்றேன். நீதானே முன்பு இருந்தது தவறு என்று சொல்லி எல்லா இடத்திலும் மாற்றினாய் என்றார். ஆமாம், நான்தான், இப்போது முன்பு இருந்ததையே போடுங்கள் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கல்வெட்டுக்காரருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். தாளின் கீழே இருந்த வெற்றிடத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதினார், சண்முகம், ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. எழுதி முடித்து நிமிர்ந்து, இதுதானே இறந்தவரின் பெயர், நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். வெட்டும் முன் எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்வி போலிருக்கிறது.

"யா," என்றேன்.

மார்ச்சில் பனி கரைந்ததும் கல்லைப் போட்டோ எடுத்துக் கோவில்பட்டிக்கு அனுப்பினேன். போட்டோவின் பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.